நிலம் நடுங்கினால் நீர் என்னவாகும்?

நிலநடுக்கம் என்றதும் சரிந்த கட்டடங்கள்தாம் நம் நினைவுக்கு வருகின்றன. மண்ணுக்குள் புதைந்திருக்கும் குழாய்களை நாம் நினைப்பதில்லை. உயிர் தப்பியவர்களுக்கோ, மறுநாள் முதல் துன்பம் அங்கிருந்துதான் தொடங்குகிறது.

ஜப்பானின் கோபே நகரை எடுத்துக்கொள்வோம். 1995-ஆம் ஆண்டு ஜனவரி 17-ஆம் நாள், விடியற்காலை 5 மணி 46 நிமிடத்திற்கு அங்கே நிலம் ஆடியது. 6,400-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். பல இடங்களில் தீ மூண்டது. தீயணைப்புப் படையினர் குழாயைத் திறந்தால் தண்ணீர் இல்லை! கடலிலிருந்தும் நீர் இறைக்க வேண்டியதாயிற்று. நகர் முழுவதற்கும் குழாய்த் தண்ணீர் திரும்பி வரச் சுமார் 10 வாரங்கள் பிடித்தன. அதுவரை, வாளியோடு லாரியின் முன் வரிசை. தோட்டத்தில் பொதுக் குழாயடியில் காத்து நின்ற நம் பெரியவர்களுக்கு அந்தப் பாடு சொல்லாமலே விளங்கும்.

இரும்புக் குழாய் ஏன் உடைகிறது? பழைய வார்ப்பிரும்பு வளையாது, ஒடிந்துவிடும். அதைவிட, ஒரு குழாயும் அடுத்த குழாயும் சேரும் மூட்டுத்தான் பலவீனமான இடம். நிலம் இழுபடும்போது மூட்டு கழன்றுவிடுகிறது. கடலைத் தூர்த்த நிலத்தில் நிலைமை இன்னும் மோசம். குலுக்கலில் ஈரமணல் கூழாகிவிடும். இதற்கென ஜப்பானியர் செய்த மூட்டு, சங்கிலிக் கண்ணியைப் போன்றது. சற்று நீளும், சற்று மடங்கும். உள்ளே ஒரு வளையம் பிடித்துக்கொள்வதால் கழலாது. கோபேயில் அப்போது இவ்வகைக் குழாய்கள் குறைவு. இருந்தவை தாக்குப் பிடித்தன.

கழிவுநீரைப் பற்றிப் பேச நமக்குக் கூச்சம். ஆனால் குடிநீரை லாரியில் கொண்டுவரலாம், கழிவுநீரை எங்கே கொண்டுபோவது? கோபேயில் ஹிகாஷிநாடா சுத்திகரிப்பு நிலையம் சிதைந்தபோது, பக்கத்துக் கால்வாயை அடைத்துத் தொட்டியாக்கினார்கள். கசடைப் படியவிட்டு, குளோரின் கலந்து நீரை வெளியேற்றினார்கள். அவசர வேலைதான், ஆனாலும் கெட்டிக்கார யோசனை.

பின்னர் அந்நகரம் பூமிக்கு அடியில் ஆழமாக, 2.4 மீட்டர் அகலமுள்ள பெருங்குழாய் ஒன்றைப் பதித்து, 2016-இல் முடித்தது. நிலநடுக்கம் வந்தால் அந்தக் குழாயே தண்ணீர்த் தொட்டியாகவும் உதவும்.

நமக்கு எதற்கு இந்தக் கதை என்று எண்ண வேண்டாம். 2015 ஜூன் 5-ஆம் நாள் சாபாவின் ரனாவ் வட்டாரத்திலும் நிலம் நடுங்கி, கினபாலு மலையில் 18 பேர் இறந்தனர். மலைச்சரிவின் சேறு ஆற்றில் இறங்கி, குடிநீர் விநியோகமும் தடைபட்டது. ஆளுக்கு நாளொன்றுக்கு 3 லிட்டர் வீதம் மூன்று நாளுக்குக் குடிநீர் சேமிக்கும்படி ஜப்பானியக் குடும்பங்களுக்குச் சொல்லப்படுகிறது. ஐந்து பேர் உள்ள வீட்டிற்கு 45 லிட்டர். நம் ஊரில் சேமிப்பவர்கள் பாத்திரத்தை இறுக மூடிவைக்க வேண்டும்; இல்லையேல் ஏடிஸ் கொசு குடியேறிவிடும்.