நகராத பொருளுக்கு விமான வடிவமா?

பென்சில் சீவும் கருவி எங்கேனும் பறக்குமா, மாணவர்களே? 1933-இல் அமெரிக்க வடிவமைப்பாளர் ரேமண்ட் லோவி அதற்கு நீர்த்துளி வடிவம் கொடுத்தார்! விமானத்திற்கு அவ்வடிவம் தேவை. வேகம் இரு மடங்கானால் காற்றின் எதிர்ப்பு ஏறத்தாழ நான்கு மடங்காகும். பின்புறம் ஒடுங்கியிருந்தால் காற்று சுழல்களாகச் சிதறாமல் வழுக்கிச் செல்லும். மேசைமேல் கிடக்கும் கருவிக்கோ வேகம் சுழி, எதிர்ப்பும் சுழி. பின் ஏன்? அன்று விமானமே எதிர்காலத்தின் அடையாளம். சீவும் கருவி விற்பனைக்கு வரவில்லை. ஆனால், 1935-இல் லோவி வடிவமைத்த, மூலைகள் உருண்ட கோல்ட்ஸ்பாட் குளிர்பதனப்பெட்டி நன்றாக விற்றது. அந்தப் பழைய கனவுக்கு இன்றும் கவர்ச்சி உண்டு. இத்தாலியின் ஸ்மெக் நிறுவனம் 1997-இல் 1950-களின் பாணியில் உருண்ட பெட்டியை வெளியிட்டது. என் கண்ணுக்கும் அழகுதான். குளிரூட்டுவது என்னவோ உள்ளிருக்கும் கம்ப்ரசரும் வெப்பக்காப்பும்தான்.