பாட்டிக்கு ஏன் திடீர் வியர்வை?

குட்டீஸ்... கிழக்குக் கடற்கரைச் சாலையில், புதுச்சேரிக்குச் சற்று வடக்கே இருக்கும் ஊர், பெரிய முதலியார்சாவடி. அதே சாலையில் இன்னும் வடக்கே போனால், மரக்காணம் உப்பளங்கள் வரும். வெயில் சுள்ளென்று அடிக்கும் கடலோரம் இது!

இந்த ஊரில் ஒரு பாட்டி இருப்பதாக வைத்துக் கொள்வோம். அன்று அவருக்கு விரதம். காலையில் வழக்கம்போல சர்க்கரை மாத்திரையை விழுங்கினார்; ஆனால், எதுவும் சாப்பிடவில்லை. பதினோரு மணிக்கு அவருக்கு உடம்பெல்லாம் வியர்த்துக் கொட்டியது, கை நடுங்கியது, பேத்தியின் பெயரைக் கூட மாற்றிக் கூப்பிட்டார்.

'எல்லாம் வெயில்தான்' என்று உப்பு போட்ட நீர்மோர் கொடுத்தால் சரியாகி விடுமா?

ஆகாது! பாட்டிக்கு அப்போது தேவை உப்பு அல்ல... சர்க்கரை!

'என்னது, சர்க்கரை நோயாளிக்கே சர்க்கரையா?' என்று தானே கேட்கிறீர்கள்?

நாம் சாப்பிடும் சோறும், இட்லியும் சர்க்கரையாக மாறி ரத்தத்தில் கலக்கின்றன. அதை உடல் பயன்படுத்த உதவுவது, கணையம் சுரக்கும் இன்சுலின். சில மாத்திரைகள் கணையத்தைத் தூண்டி, இன்சுலினை அதிகம் சுரக்கச் செய்யும். சாப்பிடாத போதும் அவை சும்மா இருக்காது. அதனால், ரத்தத்தில் சர்க்கரை 70 மில்லிகிராமுக்கும் கீழே இறங்கி விடலாம். இதுதான், 'தாழ் சர்க்கரை'. மூளைக்குச் சர்க்கரை போதாததால் தடுமாற்றம் வருகிறது.

இந்த வகை மாத்திரை பிறந்த கதையே சுவாரசியமானது. 1942ல், பிரான்சு நாட்டின் மோன்பெலியே நகரில், டைபாய்டு நோயாளிகளுக்கு ஒரு புது மருந்து கொடுத்தார்கள். அவர்களில் பலருக்குச் சர்க்கரை மளமளவென்று குறைந்தது. சிலர் இறந்தும் போயினர். மருத்துவர் ழான்போன் இதைக் கவனித்தார். லூபாத்தியேர் என்ற விஞ்ஞானி காரணத்தை ஆராய்ந்தார். அந்த ஆபத்தான பக்க விளைவிலிருந்துதான் சர்க்கரை நோய்க்கே மாத்திரை கிடைத்தது!

வயதானவர்களுக்குச் சிறுநீரகம் மெதுவாக வேலை செய்வதால், மருந்து உடலில் நீண்ட நேரம் தங்கி விடும். அதனால்தான், 'கிளிபென்கிளமைடு' மாத்திரை, 60 வயதைத் தாண்டியவர்களுக்கு ஏற்றதல்ல என்கிறது, உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியல்.

'மெட்பார்மின்' மாத்திரை வேறு வகை. தனியாகச் சாப்பிட்டால் சர்க்கரையை அவ்வளவாகத் தாழ்த்தாது. சிலருக்கு வயிற்றைக் கலக்கும். சாப்பாட்டோடு எடுத்துக் கொண்டால் அது குறையும். பல ஆண்டுகள் சாப்பிட்டால், பி12 வைட்டமின் குறைந்து, கால் மரத்துப் போகலாம். தாத்தா, 'கால் மதமதன்னு இருக்கு' என்றால், டாக்டரிடம் சொல்லச் சொல்லுங்கள்.

தாழ் சர்க்கரை வந்தால் என்ன செய்ய வேண்டும்?

* உடனே பெரியவர்களைக் கூப்பிடுங்கள். 3 தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கக் கொடுங்கள்.

* 15 நிமிடம் ஆகியும் தெளியவில்லையா? மறுபடி கொடுங்கள். தெளிந்ததும் சாப்பாடு கொடுங்கள்.

* மயங்கி விட்டால், வாயில் எதையும் ஊற்றக் கூடாது, புரையேறி விடும். ஒருக்களித்துப் படுக்க வைத்து, 108க்கு போன் செய்யுங்கள்.

* தெளிந்த பிறகும் தனியே விடாதீர்கள். சர்க்கரை மீண்டும் இறங்கலாம். அன்றே டாக்டரிடம் சொல்ல வேண்டும்.

பயந்து போய், மாத்திரையை நாமாக நிறுத்தவும் கூடாது. விரதம் இருப்பதற்கு முன்பே டாக்டரைக் கேட்டால், அவர் அளவையோ நேரத்தையோ மாற்றித் தருவார்.

2021 ஆகஸ்டு 5ல், கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில், 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தைத் தமிழக அரசு துவக்கியது. சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டு வந்து கொடுக்கும் திட்டம் இது. மாத்திரை வீடு தேடி வந்து விடும் குட்டீஸ்... ஆனால், 'பாட்டி, சாப்பிட்டீங்களா?' என்று கேட்க, வீட்டில் இருப்பது நீங்கள் தானே!