ஒரு மலை, ஒரு காற்று, இரண்டு பேர்

நியூசிலாந்தின் தென்தீவில் பிப்ரவரி 14 அன்று சூரியன் மறைய ஏறக்குறைய இரவு ஒன்பது மணி ஆகும். பூமியின் அச்சு 23.4 பாகை சாய்ந்திருக்கிறது. அதனால் ஐரோப்பியக் காதலர்கள் குளிருக்கு ஒடுங்கியிருக்கும் நாளில் தென்கோளத்தில் கோடை முடியும் தறுவாயில் இருக்கிறது. பகலில் ஏரிக்கரையில் பருத்திச் சட்டையோடு நடக்கலாம். இரவுக்கு ஒரு ஸ்வெட்டரும் காற்றுத் தடுக்கும் மேலங்கியும் வேண்டும். காதலர் தினத்தை ஒட்டி இருவராக ஒரு பயணம் போக நினைப்பவர்கள் இந்தத் தீவைத் தயங்காமல் தேர்ந்தெடுக்கலாம்.

பயண விளம்பரங்களில் வரும் படங்கள் நமக்குப் பழகியவை. பச்சைநீல ஏரி, நட்சத்திரம் நிறைந்த வானம், கடலிலிருந்து செங்குத்தாக எழும் பாறைச் சுவர்கள், அருவிகள். பார்க்கும்போது அவை தனித்தனி அழகுகளாகத் தெரியும். ஆனால் அவ்வளவுக்கும் காரணம் இரண்டுதான்: தீவின் நீளத்துக்கு ஓடும் தென் ஆல்ப்ஸ் மலைத்தொடர், மேற்கிலிருந்து ஓயாமல் வீசும் காற்று. இந்த இரண்டையும் புரிந்துகொண்டவர்களுக்கு எங்கே எத்தனை நாள் தங்குவது, எப்போது போவது என்ற கேள்விகள் எளிதாகிவிடும். பார்ப்பதன் சுவையும் கூடும்.

மலை எழுந்த கதை

பூமியின் மேலோட்டில் பசிபிக் தட்டும் ஆஸ்திரேலியத் தட்டும் உரசும் கோடு தென்தீவின் ஊடாகவே போகிறது. ஆல்பைன் பிளவு எனப்படும் அந்தக் கோட்டின் நீளம் சுமார் 600 கிலோமீட்டர். இரு தட்டுகளும் ஒன்றையொன்று உரசி நகர்வதோடு, ஒன்றின் மேல் ஒன்று அழுந்தவும் செய்கின்றன. அந்த அழுத்தத்தில் எழுந்ததே தென் ஆல்ப்ஸ். இதன் பெரும்பகுதி கிரேவாக் என்ற சாம்பல்நிறப் பாறை. ஏறத்தாழ 20 கோடி ஆண்டுகளுக்கு முன் கடலடியில் படிந்த மணலும் சேறும் இறுகி உருவான பாறை அது. இன்று அதன் உச்சியில் பனி படிந்திருக்கிறது.

மிக உயர்ந்த சிகரமான அவோராக்கி, அதாவது மவுண்ட் குக், 3,724 மீட்டர் உயரம். 1991இல் ஒரு பெரும் பாறைச் சரிவு அதன் உச்சியையே பெயர்த்துக்கொண்டு போனது. மலை வளர்ந்துகொண்டே இருக்கிறது. மழையும் பனியும் அதைக் கரைத்துக்கொண்டே இருக்கின்றன. அந்தக் கரைசலில்தான் ஏரிகளின் நிறம் இருக்கிறது.

ஏரிக்கு நிறம் கொடுத்த கல்மாவு

கிறைஸ்ட்சர்ச்சிலிருந்து மூன்று மணி நேரம் கார் ஓட்டினால் டெக்கப்போ ஏரி வந்துவிடும். முதல்முறை பார்ப்பவர்கள், யாரோ சாயம் கலந்துவிட்டார்களோ என்று கேட்பார்கள். மேலே மலையில் பனியாறு தன் எடையாலேயே மெல்ல நகர்கிறது. அதன் அடியில் சிக்கிய கற்கள் பாறைப் படுகையோடு தேய்கின்றன. திரிகையில் தானியம் அரைபடுவதுபோல் அங்கே கல் அரைபடுகிறது. அந்த மாவு உருகிய நீரோடு ஏரிக்கு வருகிறது. துகள்கள் மிக நுண்மையானவை. அடியில் படியாமல் நீரிலேயே மிதக்கின்றன. சூரிய ஒளி உள்ளே நுழையும்போது சிவப்பு நிறத்தை நீர் உறிஞ்சிக்கொள்கிறது. மிஞ்சும் நீலத்தையும் பச்சையையும் கல்மாவு நம் கண்ணை நோக்கித் திருப்பி அனுப்புகிறது.

இதிலிருந்து ஒரு பயணக் குறிப்பும் கிடைக்கிறது. அந்த நிறம் வெயிலின் கோணத்தைப் பொறுத்தது. சூரியன் உயர்ந்து நிற்கும் முற்பகலிலிருந்து பிற்பகல் வரை நீர் மிகப் பளிச்சென்று தெரியும். 1935இல் கட்டிய கல் தேவாலயம் ஒன்று கரையில் நிற்கிறது. கூட்டம் வேண்டாமென்றால் அங்கே அதிகாலையில் போங்கள், ஏரியை மதியம் பாருங்கள். பக்கத்தில் இருக்கும் புக்காக்கி ஏரியும் இதே வகை. அதன் கரையோரமாகப் போகும் சாலை அவோராக்கியின் அடிவாரத்துக்கே கொண்டுபோய்விடும்.

இருளைக் காப்பாற்றும் ஊர்

மேற்குக் காற்று டாஸ்மன் கடலின் ஈரத்தைச் சுமந்து வருகிறது. மலையில் ஏறும்போது குளிர்ந்து, ஈரத்தை மேற்குச் சரிவிலேயே மழையாகக் கொட்டிவிடுகிறது. மலையைத் தாண்டிக் கிழக்கே இறங்கும்போது அது உலர்ந்த காற்று. அதனால்தான் மலைக்கு மேற்கே உள்ள மில்ஃபோர்டில் ஆண்டுக்கு 6,000 மில்லிமீட்டருக்கும் மேல் மழை பெய்யும்போது, கிழக்கே உள்ள டெக்கப்போவுக்கு அதில் பத்தில் ஒரு பங்கு அளவே கிடைக்கிறது. சென்னையின் ஆண்டு மழை சுமார் 1,400 மில்லிமீட்டர் என்பதை நினைத்துக்கொண்டால் இந்த வேறுபாடு விளங்கும்.

மழை குறைந்த இடத்தில் மேகமும் குறைவு. அதோடு இங்குள்ள மக்கள் 1980களின் தொடக்கத்திலேயே வெளிவிளக்குகளுக்குக் கட்டுப்பாடு கொண்டுவந்தார்கள். விளக்கு தரையை நோக்கி மட்டுமே ஒளி வீச வேண்டும். 2012இல் இந்தப் பகுதியின் 4,300 சதுர கிலோமீட்டர் பரப்பு சர்வதேச இருண்ட வானக் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. ஏரியை ஒட்டிய மவுண்ட் ஜான் குன்றின் மேல் கேன்டர்பரி பல்கலைக்கழகத்தின் வானாய்வகம் இருக்கிறது.

இங்கே வானம் நமக்குப் பழகியதுதான், ஆனால் தலைகீழ். ஓரியன் வேட்டைக்காரன் வடக்கு வானில் கவிழ்ந்து நிற்பான். தமிழ்நாட்டில் சில மாதங்களில் மட்டும் தெற்கே தாழ்வாகத் தெரியும் தென் சிலுவை இங்கே மறைவதே இல்லை. பால்வழியை விட்டு விலகி இரண்டு வெளிறிய திட்டுகள் தெரியும். மேகம் என்று தோன்றும். அவை பெரிய, சிறிய மெகல்லன் மேகங்கள் என்ற அண்டை விண்மீன் பேரடைகள். பெரியதன் தொலைவு ஏறத்தாழ 1,60,000 ஒளியாண்டுகள். அதில் வெடித்த ஒரு நட்சத்திரத்தின் ஒளி 1987 பிப்ரவரியில் பூமியை வந்தடைந்தது. சிலியிலிருந்த வானாய்வாளர்கள் அதை முதலில் கண்டார்கள். அதே நாளில், அவர்கள் சொல்லித் தெரியாமல் தானாகவே கண்டவர்களில் ஒருவர் நியூசிலாந்தின் ஆல்பர்ட் ஜோன்ஸ் என்ற வானியல் ஆர்வலர். மனித இனம் ஆப்பிரிக்காவை விட்டு உலகெங்கும் பரவுமுன் கிளம்பிய ஒளி அது. அப்படிப்பட்ட பழைய ஒளியின் கீழ் இருவராக நிற்பதைவிடப் பெரிய பரிசு எந்தக் கடையிலும் கிடையாது.

இந்தப் பரிசுக்கு ஒரு நிபந்தனை உண்டு. நிலா இருந்தால் மெகல்லன் மேகங்கள் மங்கிவிடும். ஆகவே தேதியைவிட அமாவாசையே முக்கியம். 2027இல் தை அமாவாசை பிப்ரவரி 6. பிப்ரவரி 14 அன்று வளர்பிறை அரைநிலா இருக்கும். அந்த ஆண்டு போகிறவர்கள் 6ஆம் தேதியை ஒட்டிய இரவுகளை டெக்கப்போவுக்கு ஒதுக்கிவிட்டு, 14ஆம் தேதியை வேறு இடத்தில் கொண்டாடலாம். கோடையாதலால் வானம் முழுதாக இருள இரவு பத்தரை தாண்டும். இரண்டு இரவாவது தங்குங்கள். ஓர் இரவை மேகம் எடுத்துக்கொண்டாலும் இன்னொன்று மிஞ்சும்.

காற்றில் வாழும் இணை

டெக்கப்போவிலிருந்து தெற்கே ஏறக்குறைய நான்கு மணி நேரம் ஓட்டினால் டனீடன் நகரம். அதன் ஒட்டகோ தீபகற்பத்தின் முனையில், டயரோவா முகட்டில், வடக்கத்தி அரச அல்பட்ராஸ் கூடு கட்டுகிறது. இறக்கையை விரித்தால் மூன்று மீட்டர். வழக்கமாக மனிதர் எட்டாத சிறு தீவுகளில் வாழும் இந்தப் பறவை ஒரு நகரத்தின் அருகே குஞ்சு வளர்ப்பதே வியப்பு. இங்கே முதல் குஞ்சு வளர்ந்து பறந்தது 1938இல். அதற்காகக் கூட்டருகே காவல் இருந்தவர் லான்ஸ் ரிச்டேல் என்ற ஆசிரியர்.

இந்தத் தீவு இருக்கும் அட்சரேகைகளில் மேற்குக் காற்றை மறிக்க உலகைச் சுற்றிலும் நிலம் மிகக் குறைவு. பாய்மரக் காலத்து மாலுமிகள் அஞ்சிய அந்தக் காற்றே அல்பட்ராஸின் எரிபொருள். அலைகளின் அருகே உராய்வால் காற்று மெதுவாகவும், சில மீட்டர் மேலே வேகமாகவும் வீசும். பறவை காற்றை எதிர்த்து மேலெழும்போது வேகத்தைப் பெறுகிறது. உச்சியில் திரும்பிக் காற்றோடு சரிந்து இறங்குகிறது. மீண்டும் எதிர்த்து எழுகிறது. விரித்த இறக்கையைத் தோளிலுள்ள தசைநார் பூட்டிவிடுவதால் தசைக்கு வேலை மிகக் குறைவு. இப்படித்தான் இறக்கையை அடிக்காமலே அது ஒரு பெருங்கடலைக் கடக்கிறது.

அதன் குடும்ப வாழ்க்கையும் வியப்பானது. ஒருமுறை சேர்ந்த இணை பெரும்பாலும் வாழ்நாள் முழுதும் பிரிவதில்லை. இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை ஒரே ஒரு முட்டை. இருவரும் முறைவைத்துச் சுமார் 79 நாள் அடைகாக்கிறார்கள். குஞ்சு சனவரி இறுதியிலும் பிப்ரவரியிலும் பொரிகிறது. நீங்கள் போகும் வாரத்தில் ஒருவர் குஞ்சைக் காத்து அமர்ந்திருப்பார். மற்றவர் கடலில் இரை தேடிக்கொண்டிருப்பார். குஞ்சு பறக்க எட்டு மாதம் ஆகும். அதன் பிறகு தாயும் தந்தையும் தனித்தனியே கடலுக்குப் போய், ஏறக்குறைய ஓராண்டு ஒன்றையொன்று பார்க்காமல் தென்கடலைச் சுற்றிவிட்டு, அதே முகட்டில் மறுபடி சந்திக்கின்றன. ‘பாட்டி’ என்று காவலர்கள் அழைத்த ஒரு பறவை அறுபது வயதைக் கடந்தும் இங்கே குஞ்சு வளர்த்தது.

காற்று இல்லாத நாளில் அல்பட்ராஸ் அதிகம் பறக்காது. ஆகவே எல்லோரும் வெறுக்கும் காற்றடிக்கும் பிற்பகலே இங்கே நல்ல நேரம். டனீடனில் இரண்டு நாள் வைத்துக்கொண்டு, காற்று எழும் நாளில் முகட்டுக்குப் போங்கள்.

மழைக்காக ஏங்க வேண்டிய இடம்

டனீடனிலிருந்து மேற்கே சுமார் 290 கிலோமீட்டரில் தே அனாவ். அங்கிருந்து 118 கிலோமீட்டர் மலைச்சாலையும், பாறையைக் குடைந்த ஹோமர் சுரங்கமும் கடந்தால் மில்ஃபோர்ட் சவுண்ட். பனியாறு செதுக்கிய ஆழமான பள்ளத்தாக்கில், பனி உருகிப் பின்வாங்கியதும் கடல் புகுந்துவிட்டது. அதுவே ஃபியோர்டு. பாறைச் சுவர்கள் நீருக்கு மேலே ஆயிரம் மீட்டருக்கும் அதிகம் எழுகின்றன. நீருக்கடியிலும் அப்படியே செங்குத்தாக இறங்குகின்றன.

இங்கே மழை பெய்தால் முகம் சுளிக்காதீர்கள். வெயில் நாளில் சில அருவிகளே இருக்கும். 162 மீட்டர் உயரமுள்ள போவன் அருவி அவற்றில் ஒன்று. மழை பெய்ததும் சுவரெங்கும் நூற்றுக்கணக்கான தற்காலிக அருவிகள் இறங்கும். மழை விட்ட சில மணி நேரத்தில் மறைந்துவிடும். அந்த நீர் காட்டின் இலைச்சருகு வழியே வடிந்து தேநீர் நிறமாகிறது. உப்பு நீரைவிட இலேசானதால் கடலின் மேல் ஒரு படலமாக மிதக்கிறது. அது வெளிச்சத்தைத் தடுப்பதால், ஆழ்கடலில் வாழும் கரும்பவளம் இங்கே பத்துப் பன்னிரண்டு மீட்டர் ஆழத்திலேயே வளர்கிறது.

அதே மழைநீர் தே அனாவ் ஏரிக்கு அப்பால் சுண்ணாம்புப் பாறையைக் குடைந்து குகைகளையும் உண்டாக்கியிருக்கிறது. படகில் உள்ளே போனால் கூரை முழுதும் நீலப்பச்சைப் புள்ளிகள். அவை அரக்னோகாம்பா லூமினோசா என்ற சிறு பூச்சியின் புழுக்கள். உடலுக்குள் லூசிஃபெரின் என்ற வேதிப்பொருள் ஆக்ஸிஜனோடு வினைபுரிந்து, சூடே இல்லாத ஒளியைத் தருகிறது. ஒளியை நாடி வரும் பூச்சிகள் புழு தொங்கவிட்ட பசையிழைகளில் சிக்கி இரையாகின்றன. மாதக்கணக்கில் தின்று வளரும் இந்தப் புழு, முதிர்ந்த பூச்சியானதும் உண்பதே இல்லை. மிஞ்சிய சில நாள்களும் துணை தேடவும் முட்டையிடவும் மட்டுமே. பெண் பூச்சி கூட்டை விட்டு வெளிவருமுன்பே ஒளிர்ந்து அழைக்கும். ஆண் வந்து காத்திருக்கும்.

பயணத்தை அமைக்கும் முறை

பத்து நாள் போதும். சென்னையிலிருந்து சிங்கப்பூர் வழியாகக் கிறைஸ்ட்சர்ச்சில் இறங்கி, டெக்கப்போவில் மூன்று இரவு, டனீடனில் இரண்டு, தே அனாவில் மூன்று, முடிவில் குயின்ஸ்டவுன் விமான நிலையம். நம்மைப்போலவே இடப்பக்கம் ஓட்டும் நாடு என்பதால் வாடகைக் கார் எளிது. மலைச்சாலையில் வேகம் குறையும். ஒரு நாளுக்கு நான்கு மணி நேரத்துக்கு மேல் ஓட்டாதீர்கள். மில்ஃபோர்ட் போகும் முன் பெட்ரோலைத் தே அனாவிலேயே நிரப்பிக்கொள்ளுங்கள்.

இந்தியப் பயணிகளுக்கு முன்கூட்டியே விசா வேண்டும். பிப்ரவரி அங்கே கூட்டமான மாதம். சிறிய ஊர்களில் அறைகள் பல மாதங்களுக்கு முன்பே நிரம்பிவிடும். பருப்புப்பொடி, ஊறுகாய், விதை எதுவானாலும் நுழைவுப் படிவத்தில் மறைக்காமல் குறிப்பிடுங்கள். தேன் கொண்டுபோகவே வேண்டாம். தனித்தீவில் பரிணமித்த உயிர்களைக் காக்க வகுத்த விதிகள் அவை. மறைத்தால் அந்த இடத்திலேயே அபராதம். வெயிலையும் குறைத்து மதிப்பிடாதீர்கள். தென்கோளக் கோடையில் பூமி சூரியனுக்குச் சற்று அருகில் இருக்கிறது. ஓசோனும் தூசியும் குறைவு. அதனால் இதே அளவு அட்சரேகையுள்ள வடகோள நாடுகளைவிடக் கோடைப் புறஊதாக்கதிர் அங்கே சுமார் 40 விழுக்காடு அதிகம். தொப்பியும் சன்ஸ்கிரீனும் கட்டாயம்.

மலையையும் காற்றையும் தேதி கேட்டு வரவழைக்க முடியாது. ஆகவே முதலில் அமாவாசையைப் பார்த்து டெக்கப்போ இரவுகளைக் குறியுங்கள்; மற்ற ஊர்களை அதைச் சுற்றி அமையுங்கள்; மழைக்கும் காற்றுக்கும் ஒவ்வொரு நாள் உபரியாக வையுங்கள். கிளம்புமுன் இருவரும் சேர்ந்து அந்த நிலத்தைப் பற்றிக் கொஞ்சம் படியுங்கள். காரணம் தெரிந்து இருவராகப் பார்க்கும் காட்சி புகைப்படத்தைவிட நெடுநாள் நிற்கும்.