கும்மட்டி அடுப்பின் மாற்றுப் பாகங்கள்

கும்மட்டி அடுப்பு என்பது கரியை எரித்துச் சமைக்க உதவும், இடம் மாற்றி வைக்கக்கூடிய சிறிய அடுப்பு ஆகும். குமுட்டி அடுப்பு, கரி அடுப்பு என்றும் இது அழைக்கப்படுகிறது. எரிவாயு அடுப்பு பரவுவதற்கு முன் தமிழ்நாட்டு வீடுகளில் பால் காய்ச்சவும், காப்பிக்கு வெந்நீர் வைக்கவும், அப்பளம் சுடவும் இது பயன்பட்டது. பரணில் கிடந்த பழைய அடுப்பை மீண்டும் பயன்படுத்த விரும்புவோர், அதன் கம்பித் தட்டையும் உட்பூச்சையும் புதுப்பிக்க வேண்டியிருக்கும். இவ்வகை அடுப்புகள் பெரும்பாலும் உள்ளூர்ப் பட்டறைகளில் செய்யப்பட்டவை. அவற்றில் நிறுவனப் பெயரோ மாதிரி எண்ணோ இருப்பதில்லை. ஆகவே பெயரைச் சொல்லிப் பாகம் கேட்க முடியாது. அளவையும் பொருளையும் சொல்லித்தான் கேட்க வேண்டும்.

அமைப்பு

அடுப்பின் வெளிக்கூடு இரும்புத் தகட்டாலோ வார்ப்பிரும்பாலோ சுடுமண்ணாலோ ஆனது. கூட்டின் நடுவே கம்பித் தட்டு இருக்கும். அதற்கு மேலே கரி எரியும். கீழே சாம்பல் விழும். அடிப்பகுதியில் உள்ள வாய் வழியாகக் காற்று புகுந்து, தட்டின் இடைவெளிகள் வழியே மேலேறிக் கரியை எரிக்கிறது. விசிறியால் வீசுவதும் இந்த வாயில்தான். இரும்புக் கூட்டின் உட்புறத்தில் மண் பூசப்பட்டிருக்கும். இப்பூச்சு வெப்பத்தை உள்ளே நிறுத்துவதுடன், கூடு அரித்துப் போகாமலும் காக்கிறது.

கம்பித் தட்டு

முதலில் கெடுவது கம்பித் தட்டே. சிவக்கக் காயும் இரும்பு காற்றுடன் சேர்ந்து செதிலாக உரிந்து மெலிகிறது. மாற்றுத் தட்டுக்கு அளவெடுக்கும்போது அடுப்பின் மேல்விளிம்பை அளக்கக் கூடாது. தட்டு உட்காரும் உள்விளிம்பின் விட்டத்தையே அளக்க வேண்டும். பழைய தட்டு இருந்தால் அதைத் தாளில் வைத்து வரைந்துகொள்வது எளிது.

தட்டைச் சுற்றிச் சிறிது இடைவெளி விடுவதும் தேவை. 20 செ.மீ. விட்டமுள்ள இரும்புத் தட்டு 700 டிகிரி செல்சியசு அளவுக்குச் சூடேறினால் ஏறத்தாழ ஒன்றரை மில்லிமீட்டர் விரியும். இறுக்கமாகப் பொருத்திய தட்டு விரியும்போது வளையும், அல்லது மண் பூச்சைப் பிளக்கும்.

வார்ப்பிரும்புத் தட்டு நீண்ட நாள் உழைக்கும். ஆனால் சூடாக இருக்கும்போது தண்ணீர் தெளித்தால் விரிசல் விடும். அது கிடைக்காதபோது, பற்றவைப்புப் பட்டறையில் தடித்த இரும்புக் கம்பிகளை வளையத்தில் பற்றவைத்துத் தட்டு செய்துகொள்ளலாம். நாகம் பூசிய கம்பியையோ வலையையோ பயன்படுத்தவே கூடாது. நாகம் சுமார் 420 டிகிரியில் உருகி, 907 டிகிரியில் கொதிக்கும். அதன் புகையைச் சுவாசிப்பவருக்கு உலோகப் புகைக் காய்ச்சல் வரக்கூடும். காயலான் கடையில் வாங்கும் கம்பியில் வெள்ளி நிறப் பூச்சு இருந்தால் அதைத் தவிர்ப்பதே நல்லது.

உட்பூச்சு

களிமண், மணல், உமி ஆகியவற்றைக் குழைத்துப் பூசுவது எளிய முறை. மணல், காயும்போது ஏற்படும் விரிசலைக் குறைக்கிறது. உமி எரிந்து நுண்துளைகளை விட்டுச் செல்வதால் வெப்பம் எளிதில் வெளியேறுவதில்லை. பூசியபின் நிழலில் பல நாள் உலர்த்தி, முதலில் சிறு தணல் மட்டும் இட்டுப் பழக்க வேண்டும். ஈரம் இருக்கும்போதே பெருந்தணல் இட்டால், உள்ளே நீராவி உண்டாகிப் பூச்சு பெயர்ந்துவிடும்.

கட்டடச் சிமெண்டு இதற்கு ஏற்றதன்று. ஏறத்தாழ 400 டிகிரிக்கு மேல் அதன் பிணைப்பு சிதைந்து, அது உதிரத் தொடங்குகிறது. நீண்ட நாள் உழைக்க வேண்டுமானால் தீக்களிமண்ணைப் பயன்படுத்தலாம்.

சேத்தியாத்தோப்பு வட்டாரம்

கடலூர் மாவட்டத்தில் விருத்தாசலம்–சிதம்பரம் சாலையில் அமைந்துள்ள சேத்தியாத்தோப்பைச் சுற்றிய பகுதி, கரிக்கும் களிமண்ணுக்கும் பெயர் பெற்றது. நெய்வேலியில் பழுப்பு நிலக்கரியிலிருந்து செய்யப்பட்ட ‘லெக்கோ’ என்னும் கட்டிக் கரி, ஒரு காலத்தில் வீட்டு அடுப்புகளுக்கு எரிபொருளாக விற்கப்பட்டது. பின்னர் அதன் உற்பத்தி நின்றது. கட்டிக் கரிக்கென அகன்ற இடைவெளியுடன் அமைந்த தட்டில் இன்றைய மரக்கரியின் சிறு துண்டுகள் கீழே விழுந்துவிடும். எனவே புதிய தட்டின் இடைவெளியை, இப்போது எரிக்கப்போகும் கரியைப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும்.

விருத்தாசலம் பீங்கான் பொம்மைகளுக்கும் மின் உருகிக் கட்டைகளுக்கும் பெயர் பெற்ற ஊர். ஆனால் எல்லாச் சுடுபொருளும் அடுப்புக்கு ஆகாது. அடர்த்தியான பீங்கான் திடீர் வெப்ப மாற்றத்தில் வெடிக்கக்கூடும். சூளைகளின் உட்சுவருக்குப் பயன்படும் தீக்களிமண்ணும் தீச்செங்கல்லுமே அடுப்பின் உட்புறத்துக்குப் பொருந்துபவை.

கெட்டில் கிரில்லுடன் ஒப்பீடு

மேலைநாடுகளில் இதற்கு இணையாகப் பேணப்படுவது, மூடியுள்ள உருண்டை வடிவக் கரி அடுப்பான கெட்டில் கிரில். சிகாகோ பகுதியில் இருந்த வெபர் பிரதர்ஸ் உலோகப் பட்டறையில் பணியாற்றிய சார்ச் ஸ்டீவன், நீரில் மிதக்கும் இரும்பு மிதவையின் அரைக்கோளத்தைக் கொண்டு 1952-இல் இதை உருவாக்கினார். இதன் உடல் எஃகின் மேல் கண்ணாடிப் பூச்சு உருக்கி ஒட்டப்பட்டதாகும். நிலையான அளவுகளில் செய்யப்படுவதால் பழைய கிரில்லுக்கும் புதிய தட்டு பொருந்த வாய்ப்பு அதிகம். கும்மட்டி அடுப்புக்கு அந்த வசதி இல்லை. ஆனால் அதன் எந்தப் பாகத்தையும் உள்ளூர்க் கைவினைஞரே செய்துவிட முடியும்.

பாதுகாப்பு

பழுது நீக்கிய அடுப்பைத் திறந்த வெளியிலோ காற்றோட்டமுள்ள இடத்திலோ மட்டுமே பயன்படுத்த வேண்டும். எரியும் கரியிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் மணமும் இல்லை. அது இரத்தத்தின் ஈமோகுளோபினுடன் ஆக்சிசனைவிட 200 மடங்குக்கும் மேல் வலுவாகப் பிணைகிறது. புகை இல்லை என்பதால் தணலை மூடிய அறைக்குள் வைப்பது உயிருக்கே ஆபத்தாகும். அடிவாய் அடைபட்டிருந்தாலும், தட்டில் இடைவெளி போதாவிட்டாலும் இவ்வாயு மிகும். ஆகவே பொருத்தமான தட்டைத் தேடுவது அடுப்பின் ஆயுளுக்காக மட்டுமன்று, அதைப் பயன்படுத்துவோரின் உயிருக்காகவும் ஆகும்.