உங்களுக்குத் தெரியுமா? சிகாகோவின் இடத்தில் ஒரு மாயநகரம்!

'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' விளையாட்டை கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் 1974-இல் வெளியிட்டார்கள். அதன் புகழ்பெற்ற கற்பனை உலகமான 'கிரேஹாக்', அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் லேக் ஜெனீவா என்ற சிற்றூரில், கைகாக்ஸின் வீட்டில் பிறந்தது.

● 1972-இல் அவர் முதலில் வரைந்தது உலகத்தை அல்ல. ஒரு பாழடைந்த கோட்டையின் நிலவறைகளை. கட்டம் போட்ட தாளில் அடுக்கடுக்காகக் கீழே இறங்கிய அந்த அறைகளுக்குள் முதலில் நுழைந்து விளையாடியவர்கள், அவருடைய மகனும் மகளும்தான்.

● கோட்டைக்கு வெளியே ஊர், காடு, நாடு எல்லாம் தேவைப்பட்டபோது, வட அமெரிக்க வரைபடத்தையே அடிப்படையாக எடுத்துக்கொண்டார். சிகாகோ இருக்கும் இடத்தில் கிரேஹாக் நகரம். மில்வாக்கியின் இடத்தில் அண்டை நகரான டைவர்ஸ்!

● இந்தக் கற்பனை உலகத்தை நூலாக வெளியிடும் நேரம் வந்ததும், அச்சிடக்கூடிய மிகப்பெரிய தாளின் அளவைக் கேட்டறிந்தார். அந்த அளவில் இரண்டு தாள்கள் நிறையும்படி, புதிய வரைபடத்தைச் சில வாரங்களில் கையாலேயே வரைந்து முடித்தார். வரைபடத்தின் பரப்பைத் தீர்மானித்தது தாளின் அளவுதான்!

● அதைக் கொண்டு, 1980-இல் வெளியான வண்ண வரைபடங்களை உருவாக்கியவர், டார்லீன் என்ற ஓவியர். அவற்றில் இருப்பவை அறுகோணக் கட்டங்கள். சதுரக் கட்டத்தில் மூலைவாட்டில் நகர்ந்தால் தூரம் கூடிவிடும். அறுகோணத்தில் ஆறு பக்கமும் ஒரே தூரம். பயண நாட்களைக் கணக்கிட அது வசதி.

● 1983-இல் வந்த கிரேஹாக் பெட்டிப் பதிப்பிலும் டார்லீனின் வரைபடங்களே இடம்பெற்றன.