சிறு கூடத்தில் பேரிசை

மேனாட்டுச் செவ்வியல் இசையில் ஒரு வகைக்கு ‘அறை இசை’ என்று பெயர். இரண்டு வயலின், ஒரு வியோலா, ஒரு செல்லோ என நால்வர் வட்டமாக அமர்ந்து வாசிப்பது அதன் புகழ்பெற்ற வடிவம். நூறு பேர் கொண்ட வாத்தியக் குழுவுக்கு முன் கோல் பிடித்து நிற்கும் நடத்துநர் இதில் இல்லை. ஒருவர் முகத்தை மற்றவர் பார்த்து, ஒருவர் மூச்சை மற்றவர் கேட்டு வாசிக்க வேண்டும். ஒரு வீட்டுக் கூடத்தில் நிகழ்வதற்கென்றே உருவான இசை இது.

ஐரோப்பாவில் கோடை வந்தால் இந்த இசை நகரத்து அரங்குகளை விட்டுக் கிளம்பிக் கிராமங்களுக்குப் போகிறது. அங்குள்ள பழைய தேவாலயங்களே அரங்குகளாகின்றன. நம் கச்சேரி மரபை அறிந்தவர்களுக்கு இது புதிய செய்தியாகத் தோன்றாது. ஒரு குரல், ஒரு வயலின், ஒரு மிருதங்கம், பின்னால் ஒரு தம்புரா: கர்நாடக இசையும் அடிப்படையில் அறை இசைதான். கோயில் மண்டபத்திலும் வீட்டுத் திண்ணையிலும் வளர்ந்த கலையை இன்று மும்பை போன்ற நெருக்கடி மிகுந்த நகரில் எங்கே உட்கார வைப்பது என்பதே இக்கட்டுரையில் நாம் எண்ணிப் பார்க்க விழையும் செய்தி.

இசைஞனைத் தேடி வந்த ஊர்

பிரான்சு நாட்டில், பிரனீஸ் மலையடிவாரத்தில் பிராத் என்றொரு சிற்றூர் உள்ளது. செல்லோ மேதை பாப்லோ கசால்ஸ், ஸ்பெயினின் உள்நாட்டுப் போர் முடிந்தபின் தாயகம் துறந்து அங்கே குடியேறினார். சர்வாதிகாரி பிராங்கோவின் ஆட்சியை உலக நாடுகள் ஏற்றுக்கொண்டதைக் கண்டித்து மேடைகளில் வாசிப்பதையே நிறுத்திக்கொண்டார். 1950-ஆம் ஆண்டு, இசைமேதை பாக் மறைந்த 200-ஆவது ஆண்டு. கசால்ஸ் உலகத்தை நோக்கி வர மறுத்தபோது, உலகத்தின் இசைக்கலைஞர்கள் அவரை நோக்கி வந்தார்கள். அவ்வூரின் புனித பேதுரு தேவாலயத்தில் விழா நடந்தது. இன்றுவரை பிராத் இசையூராக விளங்குகிறது.

இங்கிலாந்தின் கிழக்குக் கரையில் உள்ள ஆல்ட்பரோ என்னும் மீனவர் ஊரின் கதை வேறு விதமானது. இசையமைப்பாளர் பெஞ்சமின் பிரிட்டனும் அவருடைய நண்பர்களும் 1948-இல் அங்கே விழா தொடங்கினர். ஊர்த் தேவாலயமும் ஒரு சிறிய பொதுக்கூடமுமே அரங்குகள். விழா வளர்ந்தது, இடம் போதவில்லை. அருகிலுள்ள ஸ்நேப் கிராமத்தில், பார்லி முளைகட்டும் பழைய ஆலை ஒன்றை இசையரங்காக மாற்றி 1967-இல் திறந்தனர். 1969-ஆம் ஆண்டு விழாவின் முதல் நாள் இரவிலேயே அது தீக்கிரையானது. ஆயினும் விழா நிற்கவில்லை. பிளைபரோ கிராமத்துத் தேவாலயம் கதவு திறந்து இடம் கொடுத்தது. மறு ஆண்டு விழாவுக்குள் அரங்கம் மீண்டும் எழுந்தது. பெரிய கூடம் எரிந்த நேரத்தில் விழாவைக் காத்தவை சிறிய கூடங்கள் என்பதை நாம் மனத்தில் கொள்ளலாம்.

கோவாக் குன்றின் மேல்

இத்தகைய அனுபவத்துக்கு மும்பைவாசிகள் கடல் கடக்க வேண்டியதில்லை. ஒருகாலத்தில் பெருநகராக விளங்கி இன்று சிற்றூர் போல அமைதியாகிவிட்ட பழைய கோவாவில், குன்றின் மீது ‘மோந்தே மாதா’ சிற்றாலயம் நிற்கிறது. போர்த்துகீசிய அறக்கட்டளையான ஃபுண்டாசாவ் ஓரியண்ட் அதைச் செப்பனிட்டு, அங்கே பிப்ரவரி மாதத்தில் இசைவிழா நடத்தி வந்துள்ளது. ஆலயத்துக்குள் மேனாட்டிசை, மாலை வெயில் தாழும் நேரத்தில் வெளிமுற்றத்தில் இந்திய இசையும் நடனமும். கீழே மாந்தோவி ஆறு. கொங்கண் ரயிலில் செல்வோர் கர்மலி நிலையத்தில் இறங்கினால் பழைய கோவா அருகிலேயே உள்ளது.

இரு இசைகளுக்கும் இரு இடங்கள் அமைந்ததில் பொருத்தம் ஒன்று உண்டு. கல்லால் எழுப்பிய உயர்ந்த கூரையின் கீழ் ஒலி உடனே அடங்குவதில்லை; சில விநாடிகள் சுழன்று தேய்கிறது. நீண்ட சுரங்களை இழைக்கும் வயலினுக்கும் கூட்டுப் பாடலுக்கும் அந்த எதிரொலி அழகு சேர்க்கும். ஆனால் துரித கால சுரக்கோவையும் மிருதங்கத்தின் சொற்கட்டும் அங்கே ஒன்றன்மேல் ஒன்று விழுந்து கலங்கிவிடும். தாளத்தின் தெளிவு வேண்டும் நம் இசைக்கு முற்றமும், பக்கங்கள் திறந்த மண்டபமும், தாழ்ந்த கூரையுள்ள கூடமுமே உகந்தவை. திறந்தவெளிக்கு நாகசுவரம், வீட்டுக்குள் வீணை என்று முன்னோர் வகுத்த வழக்கத்தில் ஒலியியல் அறிவும் அடங்கியிருக்கிறது.

கதவு திறந்த கதை

நம் மரபில் ஊர்ப்புற இசைவிழா என்றதும் நினைவுக்கு வருவது திருவையாறு. 1847-இல் மறைந்த தியாகராஜரின் சமாதி, காவிரிக் கரையில் கவனிப்பாரற்றுக் கிடந்தது. பெங்களூர் நாகரத்தினம்மாள் தாம் பாடிச் சேர்த்த பொருளைச் செலவிட்டு அங்கே கோயில் எழுப்பினார். 1925-இல் குடமுழுக்கு நடந்தது. ஆராதனை நடத்திய குழுக்களோ பெண்களைப் பாட அனுமதிக்கவில்லை. கோயில் கட்டியவருக்கே அதன் முன் பாட இடமில்லை. அவர் பெண்களைத் திரட்டித் தனியே ஆராதனை நடத்தினார். பிரிந்திருந்த குழுக்கள் பின்னர் ஒன்றுபட்டன. இன்று பஞ்சரத்தின கீர்த்தனைகளை ஆண்களும் பெண்களும் ஒருங்கே அமர்ந்து பாடுவதைக் காண்கிறோம். இடம் அமைப்பது ஒரு பணி. அதன் கதவை எல்லோருக்கும் திறப்பது மற்றொரு பணி. இரண்டும் முடிந்தால்தான் விழா நிறைவுறுகிறது.

அண்மைக் காலத்தில் 2014-15 மார்கழியில், சென்னை பெசன்ட் நகரை ஒட்டிய ஊரூர் ஆல்காட் குப்பத்தில் மீனவ மக்களோடு சேர்ந்து பாடகர் டி.எம். கிருஷ்ணா உள்ளிட்டோர் தொடங்கிய விழாவும் இவ்வகையதே. கர்நாடக இசையும் பறையும் கூத்தும் கடற்கரைக் குப்பத்தில் ஒரே மேடையைப் பகிர்ந்துகொண்டன.

மாட்டுங்காவும் செம்பூரும்

1896-இல் பம்பாயைப் பிளேக் நோய் தாக்கியது. நெரிசலே நோய்க்குக் காரணம் என்று கருதி, 1898-இல் நகர மேம்பாட்டு அறக்கட்டளை ஒன்றை அரசு நிறுவியது. தாதர், மாட்டுங்கா பகுதிகளில் அகன்ற சாலைகளும் காற்றோட்டமான மூன்று மாடிக் கட்டடங்களும் அதன் திட்டத்தில் எழுந்தவை. ரயில்வேயிலும் அலுவலகங்களிலும் எழுத்தர் பணிக்கு வந்த தென்னிந்தியர்கள் அங்கே குடியேறினர். 1932-இல் தென்னிந்தியக் கல்விக் கழகம் தோன்றியது. ஆஸ்திக சமாஜம், பஜன சமாஜம் போன்ற வழிபாட்டிடங்களே இசைக்கும் முதல் கூடங்களாயின. பாடுபவருக்கும் கேட்பவருக்கும் இடையே பத்தடி தூரம்; தாளம் போடும் கையைப் பாடகர் பார்க்க முடிந்தது.

1952-இல் சண்முகானந்த சபை உருவாயிற்று. கிங்ஸ் சர்க்கிளில் 1963-இல் எழுந்த அதன் பேரரங்கம் நாட்டின் மிகப் பெரிய அரங்குகளுள் ஒன்று. 1990-இல் அது தீயில் அழிந்தது. எட்டு ஆண்டுகள் பாடுபட்டு, 1998-இல் அதை மீண்டும் திறந்தனர். அந்நகரத் தமிழரின் ஒற்றுமைக்கு அது சான்று. அப்பேரரங்கம் நமக்குப் பெருமை. ஆயினும் ஆயிரக்கணக்கான இருக்கைகளை நிரப்பப் புகழ்பெற்றோர் வேண்டும். முதன்முறை மேடையேறும் பதினாறு வயதுப் பெண்ணுக்கு வேண்டியது அறுபது பேர் அமரும் கூடம். செம்பூரிலும் நுண்கலைக் கழக அரங்கமும், சேடா நகர் முருகன் கோயில் போன்ற வழிபாட்டிடங்களும் இசைக்குத் துணை நிற்கின்றன. மும்பையின் கோடை, ஐரோப்பாவின் கோடை போன்றதன்று. மே மாதத்தில் குடும்பங்கள் ஊருக்குப் போய்விடும்; சூனில் மழை இறங்கும். நமக்கு உகந்தவை ராமநவமியும் நவராத்திரியும் மார்கழியுமே.

மாட்டுங்காவிலிருந்து சில நிமிடப் பயணத்தில் தாராவி. திருநெல்வேலிச் சீமையிலிருந்து தோல் பதனிடும் தொழிலுக்கு வந்தவர்களின் வழித்தோன்றல்கள் அங்கே பல தலைமுறைகளாக வாழ்கிறார்கள். பொங்கலன்று தொண்ணூறு அடிச் சாலையில் பெண்கள் வரிசையாகப் பானை வைக்கும் காட்சி நாளிதழ்களில் ஆண்டுதோறும் இடம்பெறும். தாராவி இளைஞர்களின் ராப் இசை ‘காலா’ (2018) திரைப்படத்தில் ஒலித்தது. இந்த இளைஞர்களுக்கும் கிங்ஸ் சர்க்கிள் சபா ரசிகர்களுக்கும் தாய்மொழி ஒன்றே. ஆயினும் ஒருவர் இசையை மற்றவர் நேரில் கேட்கும் வாய்ப்பு அரிது. சிறு கூடங்கள் பெருகினால் அந்த இடைவெளி குறையும். இரு பகுதிகளிலும் பழைய கட்டடங்கள் இடிக்கப்பட்டு அடுக்கு மாடிகள் எழும் இக்காலத்தில், வரைபடம் கையெழுத்தாகும் முன்பே ஒரு பொதுக்கூடத்தைக் கேட்டுப் பெறுவது குடியிருப்போர் கையில் இருக்கிறது. கட்டி முடித்தபின் கேட்டால் கிடைக்காது.

வட்டிக் கணக்கும் இசைக் கணக்கும்

சிறு கூடம் நிலைக்கப் பணமும் வேண்டும். பெற்றோர் நினைவாக ஒரு தொகையை வைப்பில் இட்டு, அதன் வட்டியில் ஆண்டுதோறும் ஒரு கச்சேரி நடத்தச் சொல்லும் நல்ல வழக்கம் நம்மிடையே உண்டு. வங்கியில் பணியாற்றும் நாம் இங்கே ஓர் எச்சரிக்கை சொல்லக் கடமைப்பட்டுள்ளோம்.

எடுத்துக்காட்டாக, ₹2 லட்சத்தை 8 சதவிகித வட்டியில் வைத்தால் ஆண்டுக்கு ₹16,000 வரும். இன்று ஒரு கச்சேரிக்கு ₹16,000 ஆகிறது என்று கொள்வோம். செலவு ஆண்டுக்கு 6 சதவிகிதம் ஏறினால் 12 ஆண்டுகளில் அது ஏறத்தாழ ₹32,000 ஆகிவிடும். வட்டியோ அதே ₹16,000. பாதிக் கச்சேரிக்குத்தான் போதும். வட்டி விகிதம் 6.5 சதவிகிதமாகக் குறைந்தால் ₹13,000 மட்டுமே கிடைக்கும். மூலதனம் குறையவில்லை, ஆனால் அதன் வலு தேய்ந்துவிட்டது.

என்றென்றும் நடக்க வேண்டுமென்றால் வட்டி முழுவதையும் செலவிடக் கூடாது. விலையேற்றத்துக்கு ஈடான 6 சதவிகிதத்தை மூலதனத்தோடு சேர்த்துவிட்டு, எஞ்சும் 2 சதவிகிதத்தையே செலவிட வேண்டும். இக்கணக்கின்படி ₹16,000 கச்சேரிக்கு ₹8 லட்சம் தேவை. அவ்வளவு இயலாதவர்களுக்கு வேறு வழியும் உண்டு. ஐந்தாறு குடும்பங்கள் சேர்ந்து ஒரே நிதி அமைக்கலாம்; அல்லது செலவைக் குறைக்கலாம். அறுபது பேருக்குப் பாட ஒலிபெருக்கி தேவையில்லை. கோயில் கூடத்துக்கு வாடகை இல்லை. கலைஞருக்கு உரிய சன்மானத்தில் மட்டும் கை வைக்கலாகாது. மிச்சம் பிடிக்க வேண்டியவை பந்தலும் பதாகையுமே.

மற்றொரு செய்தி. பல சிறு குழுக்கள் விழாப் பணத்தை ஒருவரது சொந்தக் கணக்கில் வைத்திருக்கின்றன. நல்லெண்ணத்தில் செய்வதுதான். அவர் காலமானாலோ வேறூர் சென்றாலோ பணம் முடங்கும், வாரிசுகளுக்கும் சங்கடம். குழுவைச் சங்கமாகவோ அறக்கட்டளையாகவோ பதிவு செய்து, அதன் பெயரில் கணக்குத் தொடங்கி, இருவர் கையெழுத்திட்டால்தான் பணம் எடுக்கலாம் என்று தீர்மானம் நிறைவேற்றி வையுங்கள். ஆண்டுதோறும் வரவு செலவுக் கணக்கைக் கூடத்தின் சுவரில் ஒட்டுங்கள். கணக்கைப் பார்த்தவர்களுக்கு அடுத்த ஆண்டு கொடுக்க மனம் வரும்.

பிராத்திலும் ஆல்ட்பரோவிலும் திருவையாற்றிலும் தொடக்கத்தில் இருந்தவை ஒரு கூடமும், பாட வந்த சிலரும், கேட்க வந்த சிலருமே. அத்தகைய கூடம் உங்கள் தெருவிலும் இருக்கக்கூடும். அடுத்த முறை அங்கே தம்புரா மீட்டும் ஒலி கேட்டால், கைப்பேசியை அணைத்துவிட்டு உள்ளே சென்று ஒரு மணி நேரம் அமருங்கள். அண்டை வீட்டுக் குழந்தைகளையும் உடன் அழைத்துச் செல்லுங்கள். எந்த நிதியாலும் வாங்க முடியாதது நிறைந்த கூடம் ஒன்றுதான்.