சுவர் கடக்கும் குரல்

நுழையும்முன்

அடுக்குமாடிக் கட்டடத்தின் மின்தூக்கியில் ஏறியவுடன் கைப்பேசி உரையாடல் பாதியில் அறுந்துபோவதை நாம் அறிவோம். துணிக்கடையின் நிலவறையில் நின்றுகொண்டு, மேல்தளத்தில் இருக்கும் உறவினரை அழைக்க முடியாமல் படியேறியிருப்போம். அன்றாட வாழ்வில் இது சிறு தொல்லை. அதே கட்டடத்தில் தீப்பற்றி, உள்ளே சென்ற தீயணைப்பு வீரரின் குரல் வெளியே நிற்கும் அலுவலருக்குக் கேட்காமற்போனால் அது உயிர்ப்பிரச்சினை ஆகிவிடுகிறது. கட்டடங்களுக்குள் கம்பியில்லாத் தகவல்தொடர்பு ஏன் தடைபடுகிறது, அத்தடையை மாந்தர் எவ்வாறு கடக்கின்றனர் என்பதை இப்பாடம் விளக்குகிறது.

அலையும் சுவரும்

கைப்பேசியும் தீயணைப்பு வீரர் ஏந்தும் வாக்கிடாக்கியும் ரேடியோ அலைகளைக் கொண்டே பேசுகின்றன. ஒளியைப் போன்றே இவையும் மின்காந்த அலைகள்தாம். அலைநீளத்தில் மட்டுமே வேறுபாடு. கண்ணுக்குத் தெரியும் ஒளியின் அலைநீளம் ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கைவிடக் குறைவு. வாக்கிடாக்கியின் அலையோ 150 மெகாஹெர்ட்சில் 2 மீட்டர் நீளமுடையது. 800 மெகாஹெர்ட்சில் ஏறத்தாழ 37 சென்டிமீட்டர். ஒளிபுகாத செங்கற்சுவரை ரேடியோ அலை ஊடுருவ இவ்வேறுபாடே காரணம். எனினும் ஒவ்வொரு சுவரும் தன் பங்குக்குச் சிறிது ஆற்றலை விழுங்கிக்கொண்டே அலையை வெளியே விடுகிறது.

மரத்தடுப்பு விழுங்குவது சிறிதே. செங்கல் அதைவிட மிகுதியாக விழுங்கும். கம்பி கட்டிய கற்காரை இன்னும் மிகுதி. அதிலுள்ள இரும்புக்கம்பி வலை அலையின் ஒரு பகுதியைத் திருப்பியனுப்புகிறது. முழு உலோகமாயின் சொல்லவே வேண்டா. 1836இல் மைக்கேல் பாரடே உலோகக் கூண்டுக்குள் வெளி மின்புலம் நுழையாது என்பதைச் செய்துகாட்டினார். மின்தூக்கிப் பெட்டி ஏறத்தாழ அத்தகைய கூண்டுதான். எவர்சில்வர் சம்புடத்துக்குள் கைப்பேசியை வைத்து மூடி, மற்றொரு பேசியிலிருந்து அழைத்துப் பாருங்கள். சில சம்புடங்களில் மணி ஒலிக்காது. மூடி நன்கு பொருந்தாத சம்புடங்களில் ஒலிக்கக்கூடும். சிறு இடுக்கு வழியேயும் அலை கசியும் என்பதே அதற்குக் காரணம். இந்தக் 'கசிவு' பின்னர் நமக்குப் பயன்படப் போகிறது.

வியப்பு என்னவெனில், பழைய கட்டடங்களைவிடப் புதிய கட்டடங்கள் சில வேளைகளில் அலையை மிகுதியாகத் தடுக்கின்றன. இன்றைய அலுவலகக் கட்டடங்களை மூடியிருக்கும் கண்ணாடிகளுள் பலவற்றின்மீது, வெயிலின் வெப்பம் உள்ளே நுழையாதிருக்க, வெள்ளி முதலான உலோகத்தின் மிக மெல்லிய படலம் பூசப்படுகிறது. வெயிலைத் திருப்பும் அப்படலம் ரேடியோ அலையையும் திருப்பிவிடுகிறது. குளிரூட்டிக்கு ஆகும் மின்சாரத்தை மிச்சப்படுத்தும் நற்செயல், மற்றோரிடத்தில் தகவல்தொடர்பைத் துண்டிக்கிறது. கட்டடக்கலைஞரும் தகவல்தொடர்புப் பொறியாளரும் வரைபட நிலையிலேயே ஒன்றாக அமர்ந்து பேசவேண்டியதன் தேவைக்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

தெரிந்து தெளிவோம்

அலையின் வலுவிழப்பை டெசிபெல் என்னும் அலகால் அளப்பர். 3 டெசிபெல் இழப்பென்றால் ஆற்றல் பாதியாகும். 10 டெசிபெல் என்றால் பத்தில் ஒரு பங்கு. 20 என்றால் நூறில் ஒரு பங்கு. சுவரொன்றுக்கு 10 டெசிபெல் இழப்பு எனக் கொண்டால், மூன்று சுவர்களைக் கடந்த அலையில் எஞ்சுவது ஆயிரத்தில் ஒரு பங்கே. மிக நுண்ணிய ஆற்றலைக்கூட உணரும் வகையில் ஏற்பிகள் அமைந்திருப்பதால்தான் இவ்வளவு இழப்புக்குப் பின்னும் பேச முடிகிறது.

இரட்டைக் கோபுரங்களில் நிகழ்ந்தது

இச்சிக்கலின் முழுப் பரிமாணத்தையும் உலகுக்கு உணர்த்தியது நியூயார்க் நகரின் உலக வணிக மையம். 110 தளங்கள் கொண்ட இரு கோபுரங்கள். 1993 பிப்ரவரி 26 அன்று அதன் நிலவறை வாகன நிறுத்தத்தில் குண்டு வெடித்து அறுவர் இறந்தனர். மீட்புப் பணிக்கு விரைந்த தீயணைப்பு வீரர்களின் வானொலிக் கருவிகள் அவ்வளவு உயரமான கட்டடத்துக்குள் சரிவர இயங்கவில்லை. அப்பட்டறிவின் விளைவாக, கட்டடத்துக்கு உரிமையுடைய நியூயார்க் – நியூஜெர்சி துறைமுக ஆணையம் 1994இல் தன் செலவில் மறுபரப்பி ஒன்றை நிறுவியது. வலுக்குன்றிய அலையை வாங்கி, வலுவூட்டி, மீண்டும் பரப்புவதே மறுபரப்பியின் வேலை.

கருவி வந்தது, அதை எந்நேரமும் இயக்கத்தில் வைப்பதா, வேண்டும்போது மட்டும் இயக்குவதா என்னும் கேள்வியும் உடன் வந்தது. எந்நேரமும் இயங்கட்டும் என்றது துறைமுக ஆணையம். அருகிலுள்ள பிற பகுதிகளின் தகவல்தொடர்புக்கு இடையூறாகும் என்பதால் தேவைப்படும்போது மட்டும் இயக்கவேண்டும் என்றது தீயணைப்புத் துறை. துறையின் கருத்தே ஏற்கப்பட்டது. 2000ஆம் ஆண்டில் இயக்கும் பலகைகள் இரு கோபுரங்களின் முகப்புக்கூடத்திலும் அமைக்கப்பட்டன. அப்பலகையில் இரு பொத்தான்கள் இருந்தன. ஒன்று மறுபரப்பியை இயக்குவது. மற்றொன்று, கூடத்திலிருந்து கட்டளையிடும் அலுவலரின் பேசுகருவிக்கு உயிரூட்டுவது.

2001 செப்டம்பர் 11. வடகோபுரத்தின்மீது காலை 8.46க்கும் தென்கோபுரத்தின்மீது 9.03க்கும் வானூர்திகள் மோதின. ஏறத்தாழ 9.05க்கு வடகோபுரக் கூடத்தில் இரு மூத்த அலுவலர்கள் மறுபரப்பியைச் சோதித்தனர். முதற்பொத்தான் அழுத்தப்பட்டிருந்தது, இரண்டாவது அழுத்தப்படவில்லை. எனவே தலைமைப் பேசுகருவியிலிருந்து குரல் செல்லவில்லை. மறுமுனையின் குரலும் அதில் கேட்கவில்லை. மறுபரப்பி பழுதாகிவிட்டது என்று கருதிய அவர்கள், அதனைக் கைவிட்டுச் சாதாரண அலைவரிசையில் வீரர்களை மேலே அனுப்பினர்.

உண்மையில் மறுபரப்பி இயங்கிக்கொண்டுதான் இருந்தது. தென்கோபுரத்தில் ஏறிய ஓரியோ பாமர் என்னும் அலுவலர் கையடக்கக் கருவி வழியே அதே மறுபரப்பியைப் பயன்படுத்தினார். 40ஆவது தளம் வரை மின்தூக்கியில் சென்று, அங்கிருந்து படியேறி, வானூர்தி தாக்கிய பகுதியான 78ஆவது தளத்தை அவர் எட்டினார். வழிநெடுகத் தாம் கண்டவற்றைக் கீழே தெரிவித்துக்கொண்டே சென்றார். அவ்வுரையாடல் ஒலிநாடாவில் பதிவாகியுள்ளது. 9.59க்குத் தென்கோபுரம் சரிந்தது, அவரும் உயிர்நீத்தார்.

அது சரிந்தவுடன், வடகோபுரத்தில் இருந்தோர் அனைவரும் வெளியேறுமாறு வானொலியில் ஆணை பிறந்தது. அக்கோபுரம் 10.28 வரை நின்றது. இடைப்பட்ட நேரம் 29 நிமிடம். ஆணையைக் கேட்ட வீரர் பலர் இறங்கித் தப்பினர். கேளாதோரும் பலர். உயர்ந்த கட்டடத்தில் அலை எட்டாமை ஒரு காரணம். ஒரே அலைவரிசையில் பலர் ஒருசேரப் பேசியதால் குரல்கள் ஒன்றையொன்று மறைத்தமை மற்றொன்று. சிலருடைய கருவி வேறோர் அலைவரிசையில் இருந்தது. விடுப்பு நாளிலும் ஓடிவந்த சிலரிடம் கருவியே இல்லை. காவல்துறையின் உலங்கூர்திகள் வானிலிருந்து கண்டு விடுத்த எச்சரிக்கைகள், காவல்துறையின் தனி அலைவரிசையில் சென்றமையால் தீயணைப்பு அலுவலரை நேரே எட்டவில்லை. அன்று நியூயார்க் தீயணைப்புத் துறை இழந்தோர் 343 பேர்.

இந்நிகழ்வை ஆராய்ந்த ஆணையம் 2004இல் தன் அறிக்கையை வெளியிட்டது. வானொலிக் கருவிகளின் கோளாறு ஒரு காரணமே அன்றி, வடகோபுர உயிரிழப்புகளுக்கு அதுவே முதன்மைக் காரணம் அன்று என அவ்வறிக்கை கூறுகிறது. ஆணை கேட்டும் தம் குழுவினரை விட்டு வர மனமின்றி நின்றோரும், மக்களுக்கு உதவுவதற்காகத் தங்கி நின்றோரும் இருந்தனர். ஆகவே, 'கருவி பழுது, அதனால் இறந்தனர்' என ஒரே வரியில் சொல்லிவிடுவது எளிது, சரியன்று.

பெருக்கியும் கசிவுக் கம்பியும்

கட்டடத்துக்குள் அலையைக் கொண்டுசெல்லும் முறை இன்று நன்கு வளர்ந்துள்ளது. மொட்டைமாடியில் ஓர் அலைவாங்கி, நகரின் தகவல்தொடர்புக் கோபுரத்தை நோக்கி நிற்கும். அது வாங்கும் அலை கம்பிவழியே இருவழிப் பெருக்கி ஒன்றுக்குள் செல்லும். பெருக்கி அதற்கு வலுவூட்டித் தளந்தோறும் கூரையில் பொருத்திய சிறு அலைவாங்கிகளுக்குப் பகிர்ந்தளிக்கும். உள்ளிருக்கும் வீரர் பேசினால் அவர் குரல் இதே வழியில் எதிர்த்திசையில் சென்று கோபுரத்தை அடையும். இருவழி என்னும் பெயர் அதனால் வந்தது.

நீண்ட சுரங்கப்பாதைகளிலும் படிக்கட்டுக் கூண்டுகளிலும் தனித்தனி அலைவாங்கிகளுக்கு மாற்றாகக் கசிவுக் கம்பிவடம் இடப்படுகிறது. சாதாரண வடத்தில் உள்ளே செல்லும் அலை வெளியேறாதிருக்க உலோக உறை முழுமையாக மூடியிருக்கும். கசிவுக் கம்பிவடத்தின் உறையிலோ வேண்டுமென்றே ஒழுங்கான இடைவெளிகளில் கீறல்கள் விடப்பட்டிருக்கும். வயலின் வரப்பு நெடுகச் செல்லும் துளைக்குழாய் செடிதோறும் சொட்டு நீர் விடுவதுபோல, வடம் சிறிது சிறிதாக அலையைக் கசியவிட்டபடியே செல்கிறது. சம்புடத்தின் இடுக்கில் குறையாகத் தோன்றியது இங்கே கருவியாகிறது.

பெருக்கியை நினைத்த இடத்தில் பொருத்திவிட முடியாது. பள்ளி ஆண்டுவிழாவில் ஒலிவாங்கியை ஒலிபெருக்கிக்கு அருகே கொண்டுசென்றால் காதைத் துளைக்கும் கீச்சொலி எழுவதைக் கேட்டிருப்பீர்கள். பெருக்கியிலிருந்து வெளிவந்தது மீண்டும் உள்ளே நுழைந்து, மேலும் பெருகி வெளிவருவதால் நேர்வது அது. கூரை அலைவாங்கியும் உள் அலைவாங்கியும் போதிய விலக்கமின்றி அமைந்தால் ரேடியோ அலையிலும் இதே கூச்சல் எழும். காதுக்குக் கேட்காத அக்கூச்சல், கோபுரத்தை நம்பியிருக்கும் சுற்றுவட்டாரத்தார் அனைவரின் தொடர்பையும் கெடுக்கும். வீட்டில் தொடர்பு கிடைக்கவில்லை என்று சந்தையில் மலிவான கைப்பேசிப் பெருக்கியை வாங்கி மாட்டுவது நம் நாட்டில் சட்டப்படி குற்றமாக வைக்கப்பட்டிருப்பதும் இதனாலேயே.

நெருக்கடிக் காலத்துக்கான அமைப்பு நெருக்கடியைத் தாங்கவும் வேண்டும். தீயில் முதலில் அறுவது மின்சாரம். எனவே அமெரிக்காவின் தீப்பாதுகாப்பு விதித்தொகுப்புகள் இப்பெருக்கிகளுக்கு மணிக்கணக்கில் நீடிக்கும் மின்கல ஏற்பாட்டை வலியுறுத்துகின்றன. 12 மணிநேரம் என்பது இன்றைய விதிகளில் காணப்படும் அளவு. முதன்மைக் கம்பிவடங்கள் தீயைத் தாங்கும் பாதை வழியே செல்லவேண்டும். தீயணைக்கப் பாய்ச்சும் நீர் பெருக்கியின் பெட்டிக்குள் புகாதிருக்க வேண்டும். பெருக்கி பழுதானால் அச்செய்தி கட்டடத்தின் தீக்கட்டுப்பாட்டு அறைக்குத் தானே தெரியவேண்டும்.

எவ்வளவு அலை கிடைத்தால் போதும்? பன்னாட்டுத் தீ விதித்தொகுப்பு ஒவ்வொரு தளத்திலும் 95 விழுக்காட்டுப் பரப்பில் தொடர்பு கிடைக்கவேண்டும் என்கிறது. அது நெடுங்காலம் கையாண்ட அளவை வாட்டில் சொன்னால், ஒரு வாட்டில் ஏறத்தாழ மூன்று இலட்சம் கோடியில் ஒரு பங்கு! சோதிப்போர் தளத்தை 20 சமக் கட்டங்களாகப் பிரித்து, கட்டந்தோறும் நின்று பார்ப்பர். எண் மட்டும் போதாது என்பதால் பேசியும் பார்ப்பர். சொல் புரிகிறது, எப்போதேனும் ஒருமுறை திரும்பக் கேட்கவேண்டியிருக்கிறது என்பதே ஏற்கத்தக்க குறைந்த நிலை. தீக்கட்டுப்பாட்டு அறை, வெளியேறும் படிக்கட்டு, நீரேற்று அறை போன்ற இடங்களுக்கு மற்றொரு விதித்தொகுப்பு 99 விழுக்காடு கேட்கிறது.

லண்டன் காத்திருந்த ஆண்டுகள்

விதி எழுதுவதற்கும் நடைமுறைப்படுத்துவதற்கும் இடையே எவ்வளவு காலம் கழியும் என்பதற்கு லண்டன் நகரே சான்று. 1987 நவம்பர் 18 அன்று கிங்ஸ் கிராஸ் சுரங்கத் தொடர்வண்டி நிலையத்தில் மர நகரும்படிக்கட்டில் பற்றிய தீ 31 உயிர்களைக் கொண்டது. அதனை ஆராய்ந்த பென்னல் அறிக்கை, நிலத்தடியில் காவலரும் தீயணைப்பு வீரரும் தம்முள் பேசிக்கொள்ள ஏற்ற வானொலி அமைப்பு வேண்டும் என்று பரிந்துரைத்தது. 2005 ஜூலை 7 அன்று அதே நகரின் மூன்று சுரங்கத் தொடர்வண்டிகளிலும் ஒரு பேருந்திலும் குண்டுகள் வெடித்து 52 பேர் கொல்லப்பட்டனர். இடையே ஏறத்தாழ 18 ஆண்டுகள். தொடர்வண்டிக் காவலரின் கருவிகள் மட்டுமே நிலத்தடியில் இயங்கின. ஏனைய மீட்புப் பணியாளர், எத்தனை பேர் காயமுற்றனர், என்ன உதவி தேவை என்பதைத் தெரிவிக்கச் சுரங்கத்திலிருந்து நடைமேடைக்கும் அங்கிருந்து தரைத்தளத்துக்கும் ஆள்வழியே செய்தி அனுப்பினர். கம்பியில்லாத் தந்தி வந்து நூறாண்டு கடந்த பின்னும், தகவல் கால்நடையாகவே சென்றது. 2006இல் லண்டன் பேரவையின் ஆய்வுக்குழு இதனைக் கடுமையாகக் கண்டித்தது. அதன் பின்னரே அனைத்து மீட்புத் துறைகளுக்கும் பொதுவான எண்ணியல் வானொலி அமைப்பு சுரங்கங்களுக்குள் கொண்டுவரப்பட்டது.

அமைப்பை நிறுவிய நாளோடு வேலை முடிவதில்லை. புதிதாக எழும் ஒரு தடுப்புச்சுவர், மாற்றப்படும் ஒரு கண்ணாடி, வரிசையாக அடுக்கப்படும் இரும்பு அலமாரிகள், எதிரே எழும்பும் மற்றொரு கட்டடம் ஆகிய ஒவ்வொன்றும் அலையின் பாதையை மாற்றுகின்றன. ஆகையால் ஆண்டுக்கு ஒருமுறை சோதனையாளர் மீண்டும் வந்து, அதே 20 கட்டங்களில் கருவியுடன் நின்று பேசிப் பார்க்கின்றனர்.